கலப்படமில்லாத ஒரு மணி நேரம்

"ஓகே" என்றான் ஜீவன்.

"பாத்தியா? முதல் வார்த்தையிலயே போச்சு" என்றாள் ஜனகா.

"சோரி லா."

"இப்ப மூணு போச்சு."

கைத்தொலைபேசியில் அவள் விட்ட பெருமூச்சு அம்பாங்கிலிருந்து கிள்ளான் வரை சூடு குறையாமல் வந்து சேர்ந்தது. விஷயம் இதுதான். சனிக்கிழமை மாலை நான்கு மணிக்கு ஜீவன் பிரிக்பீல்ட்ஸில் இருக்கும் ஜனகாவின் பெரியப்பா சிவகுருநாதனைப் போய்ப் பார்க்க வேண்டும். அவர் தலையாட்டினால் கல்யாணம். அவர் முகம் சுளித்தால், ஜனகாவின் அம்மா நேசம்மா அப்புறம் யார் சொன்னாலும் கேட்க மாட்டார். ஜனகாவின் அப்பா காலமாகிப் பத்து வருஷம் ஆகிறது. குடும்பத்தில் மூத்தவர் என்று மிச்சமிருப்பது அந்தப் பெரியப்பா ஒருவர்தான்.

பார்ப்பதில் ஒரு சிக்கலும் இல்லை. பேசுவதில்தான்.

"அவர் பெரிய தமிழறிஞர், ஜீவன். அவர் முன்னால ஒரு இங்கிலீஷ் வார்த்தை, ஒரு மலாய் வார்த்தை வாயில வரக்கூடாது. அம்மாவோட ரூல் அது. சின்ன வயசுல இருந்தே எங்க எல்லாருக்கும் அதான்."

"நீ மட்டும் எப்படிப் பேசுவ?"

"நான் எங்க பேசினேன்? வணக்கம் சொல்லிட்டு ஒரு மணி நேரம் சும்மா உக்காந்திருப்பேன். அம்மா பேசுவாங்க. என்னோட தமிழ்தான் உனக்கே தெரியுமே."

தெரியும். கோபம் வந்தால் ஜனகாவின் தமிழ் இரண்டாவது வாக்கியத்தைத் தாண்டாது.

பெரியப்பா என்றாலும் நேர்ப் பெரியப்பா இல்லை. ஜனகாவின் அப்பாவுக்கு ஒன்றுவிட்ட அண்ணன். சின்ன வயதிலேயே விடுதிப் பள்ளிக்குப் போய், அப்படியே சரவாக்கில் அரசாங்க உத்தியோகத்தில் சேர்ந்து, காலம் முழுவதும் அங்கேயே இருந்துவிட்டவர். நாற்பது வருஷமாக அங்கிருந்து பொங்கலுக்கொரு கடிதம் வரும். 'பேரன்புடையீர், நலம், நலமறிய அவா' என்று தொடங்கினால், நடுவில் ஒரு பழம்பாட்டு அடியாவது இல்லாமல் முடியாது. முத்து முத்தான எழுத்து. அம்பாங் வீட்டில் அதைச் சத்தமாக வாசித்து, புரியாத சொல்லுக்கு அகராதி பார்த்து, சாமிப் படத்துக்குப் பின்னால் செருகி வைப்பார்கள். மனைவி போன பிறகு, ஆறு வருஷத்துக்கு முன், மூன்று அலமாரி நிறையத் தமிழ்ப் புத்தகங்களோடு அவர் பிரிக்பீல்ட்ஸில் குடியேறினார். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் போய்க் கும்பிட்டுவிட்டு வருவார்கள். அவர் அதிகம் பேச மாட்டார். "நல்லது" என்பார். "சந்தோஷம்" என்பார். படித்தவர்கள் அளந்துதான் பேசுவார்கள் என்று நேசம்மா வழியெல்லாம் வியந்துகொண்டே வருவார்.

ஜீவனோ கிள்ளானில் கல்யாண விருந்துகளுக்கு எம்சி. இருபத்தொன்பது வயது. ஒலிவாங்கியைப் பிடித்து, "ஹலோ மை டியர் மக்களே! சாப்பாடு செடாப்பா? சத்தமே வரல, என்ன லா!" என்று ஒரு குரல் விட்டால் மண்டபம் அதிரும். இந்த வருஷம் கிள்ளானில் அவன் இல்லாமல் ஒரு இளசும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்று சொன்னால் கொஞ்சம்தான் மிகை. அவனுடைய தொழிலே அவன் வாய்தான். அந்த வாயில் தமிழும் மலாயும் இங்கிலீஷும் ஒரே தட்டில் கலந்துதான் வரும். எது எங்கே முடிந்து எது எங்கே தொடங்குகிறது என்று அவனுக்கே தெரியாது. காதில் ஒரு கடுக்கன். நெற்றியில் விழும் முடியில் செம்பட்டைச் சாயம். கடுக்கனைக் கழற்றிவிடலாம். சாயத்தைக் கறுப்பாக்கிவிடலாம். வாயை என்ன செய்வது?

அம்மா பவுனம்மாளிடம் சொன்னான்.

"நாம பேசுறது தமிழ் இல்லாம வேற என்னடா?" என்றார் அம்மா, வெங்காயம் உரித்தபடியே. "உங்க தாத்தா எஸ்டேட்டுல பேசினாரு, நான் பேசுறேன், நீ பேசுற. அவங்க என்ன பரீட்சையா வைக்கிறாங்க?"

"பரீட்சைதான்மா."

"அப்ப டியூஷனுக்குப் போ."

டியூஷன் வாத்தியார் பக்கத்திலேயே இருந்தான். ஜீவன் பேசும் விருந்துகளுக்கெல்லாம் ஒலிபெருக்கி வைக்கும் லோகன். பள்ளிக்கூடத் தேர்வில் தமிழில் ஏ வாங்கியவன். அதற்குப் பிறகு வாழ்க்கையில் எதிலும் எதுவும் வாங்காதவன் என்பதால் அதை அவன் யாரையும் மறக்க விட்டதில்லை.

"ரொம்ப சிம்பிள்" என்றான் லோகன். "நீ வேன்ல உக்காந்து பேசிட்டே வா. வேற பாஷை வந்துச்சுன்னா நான் ஹார்ன் அடிப்பேன். ரெண்டே நாள்ல நாக்கு பயந்துரும்."

கிள்ளானிலிருந்து ஷா ஆலாம் போவதற்குள் ஹார்ன் நாற்பத்து மூன்று முறை அடித்தது. முன்னால் போன லோரிக்காரர் தன்னைத்தான் திட்டுகிறார்கள் என்று முடிவு செய்து, சிக்னலில் இறங்கி, கையை மடித்துக்கொண்டு வந்து கண்ணாடியைத் தட்டினார்.

"சோரி பாஸ்! சோரி!" என்றான் ஜீவன்.

லோகன் கடமை தவறாதவன். இரண்டு முறை அடித்தான்.

அந்தச் சமாதானம் முடியவே அரை மணி நேரம் ஆயிற்று. தொண்டை வறண்டுபோய் ஒரு கடையில் உட்கார்ந்தார்கள். இனி ஹார்ன் வேண்டாம், நேரடியாக மனிதர்களிடம் பழகுவோம் என்று ஜீவன் தீர்மானித்தான். கடைக்காரப் பையனைக் கூப்பிட்டு, ஒவ்வொரு எழுத்தாக உதட்டில் நிறுத்திச் சொன்னான்:

"தம்பி, குளம்பி ஒன்று. இனிப்புக் குறைவாக."

பையன் யோசித்தான். தலையாட்டினான். ஐந்து நிமிஷத்தில் ஒரு கிண்ணம் மீன் குழம்பைக் கொண்டுவந்து வைத்து, "இனிப்பு போடவே இல்லண்ணே" என்றான்.

"நான் கேட்டது கோப்பி லா!"

"அப்ப கோப்பின்னு சொல்ல வேண்டியதுதானே அண்ணே. வயிறு சரியில்லையா?"

"இதெல்லாம் ஒருத்தர் ரெண்டு பேரை வெச்சு சரிப்படாது" என்றான் லோகன், குழம்பை வீணாக்க மனமில்லாமல் ரொட்டியைத் தோய்த்தபடி. "நாளைக்கு ஷாப்பிங் மால் பக்கத்துல நமக்கு விருந்து இருக்கில்ல? ஐந்நூறு பேர். அங்கயே பேசிப் பழகு. ஐந்நூறு பேர் முன்னால வந்தா ஒருத்தர் முன்னால வராதா?"

வெள்ளிக்கிழமை விருந்தில் மாப்பிள்ளை கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, தோழர்களோடு உறுமி மேளத்துக்கு ஆடியபடி உள்ளே வருவதாக ஏற்பாடு. விளக்குகள் அணைந்தன. புகை கிளம்பியது. எல்லாக் கைத்தொலைபேசிகளும் வாசலை நோக்கி உயர்ந்தன. ஜீவன் ஒலிவாங்கியை எடுத்தான்.

"பேரன்பும் பெருமதிப்பும் கொண்ட சான்றோர்களே! இதோ, மணமகனார் அரங்கினுள் எழுந்தருளுகின்றார்!"

மேளம் பாதியில் நின்றது. சாமி ஏதோ வருகிறது என்று முன்வரிசைப் பாட்டிகள் இரண்டு பேர் எழுந்து கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். மாப்பிள்ளை ஒரு காலைத் தூக்கியபடி அப்படியே நின்றார்.

ஜீவன் விடவில்லை. "அடுத்ததாக, மணமக்கள் அணிச்சல் வெட்ட மேடைக்கு வருமாறு கேட்டுக்கொள்கிறேன்."

"எதை வெட்டப் போறாங்க?" என்று ஒரு பெரியவர் பதறி எழுந்தார். "கல்யாணத்துல எதுக்குய்யா வெட்டு குத்து?"

"கேக் மாமா, கேக்!" என்று யாரோ அவரைப் பிடித்து உட்கார வைத்தார்கள்.

"இப்போது இளையோரின் குதியாட்டம். இசை வழங்குபவர், திருவாளர் லோகன்!"

ஒருவரும் ஆடவில்லை. பள்ளிக்கூடத்துச் சபை கூடல் மாதிரி கை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மாப்பிள்ளையின் தங்கை மேடைக்குப் பின்னால் வந்து அவன் நெற்றியைத் தொட்டுப் பார்க்காத குறையாக நின்றாள்.

"அண்ணே, அடுத்த மாசம் என்னோட நிச்சயத்துக்கும் உங்களத்தான் சொல்லி வெச்சிருந்தேன்…"

"கட்டாயம் வருகிறேன், தங்கையே."

"இல்லண்ணே. நீங்க ரெஸ்ட் எடுங்க. நான் வேற ஆளப் பாத்துக்கிறேன்."

அன்று இரவு எட்டரை மணிக்குள் யாரோ அதைப் படம் பிடித்து, 'எம்சிக்குச் சாமி வந்துருச்சு' என்று டிக்டாக்கில் போட்டுவிட்டார்கள். மறுநாள் காலையில் ரவாங்கிலிருந்தும் ஜெஞ்சாரோமிலிருந்தும் நண்பர்கள் வரிசையாகக் கூப்பிட்டு, "வணக்கம் சான்றோரே" என்றார்கள். பத்து மணிக்கு ஜனகா கூப்பிட்டாள்.

"அம்மா பாத்துட்டாங்க."

"திட்டினாங்களா?"

"திட்டுறதா? சந்தோஷத்துல அழுதுட்டாங்க. அக்கம்பக்கத்துல எல்லாருக்கும் காட்டிட்டு இருக்காங்க. 'எங்கட பெரியவருக்கு ஏத்த மருமகன்'னு சொல்றாங்க. ஜீவன், இனிமே நீ சுமாரா பேசினா பத்தாது."

சுமாராகப் பேசுவதற்கே வழியில்லாதவன் தொலைபேசியை வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தான். காலையில் அம்மாவிடம் பசியாறக் கேட்கும்போதுகூட அவனுக்கு வார்த்தை வரவில்லை. தோசைக்கு எது தொட்டுக்கொள்ள வேண்டும் என்பதை யோசித்து யோசித்துக் கையால் காட்டினான். அம்மா பயந்துபோய் வெந்நீர் வைத்தார்.

கடைசி வழியையும் லோகன்தான் கண்டுபிடித்தான். காதில் செருகும் சின்னக் கருவி ஒன்று. காதை மறைக்க முடியைக் கொஞ்சம் இழுத்து விட்டுக்கொண்டால் போதும். லோகன் கீழே வேனில் அகராதியோடு உட்கார்ந்திருப்பான். மேலே என்ன பேசுகிறார்கள் என்று அவனுக்குக் கேட்கும். வார்த்தை வராமல் ஜீவன் முழித்தால் அவன் சொல்லுவான்.

"நான் சொல்றத அப்படியே சொல்லு. மூளைய உள்ள விடாத" என்றான் லோகன்.

சனிக்கிழமை நான்கு மணிக்கு, பிரிக்பீல்ட்ஸில் ஒரு பூக்கடை முன்னால் வேனை நிறுத்தினார்கள். அதற்கு மேலே மூன்றாம் மாடியில் பெரியப்பாவின் வீடு. ஜீவன் வேட்டி கட்டி, விபூதி பூசி, கடுக்கன் இல்லாத காதோடு படியேறினான். வீட்டு வேலைகளைப் பார்த்துக்கொள்ளும் மாரியாயி கதவைத் திறந்தார். உள்ளே நேசம்மா பட்டுச் சேலையில் இருந்தார். அவருக்குப் பின்னால் ஜனகா, பல் டாக்டரிடம் கூட்டிவரப்பட்ட பிள்ளை மாதிரி நின்றாள். சாய்வு நாற்காலியில், வெள்ளை வெளேரென்ற சட்டையில், சிவகுருநாதன். எண்பது வயது. பார்த்தாலே இலக்கணம் தெரிந்தவர் போலிருந்தார்.

"வணக்கம் ஐயா. வணக்கம் ஆன்… அம்மா."

"நல்லது" என்றார் பெரியப்பா.

நேசம்மாவின் முகம் மலர்ந்தது. "இருங்கோ, இருங்கோ" என்றார் தன் யாழ்ப்பாணத் தமிழில்.

ஜீவன் சோபாவைப் பார்த்தான். சோபாவுக்குத் தமிழ் என்ன? காதில் லோகன் தாளைப் புரட்டும் சத்தம் கேட்டது. "மெத்தைன்னு சொல்லி வை."

"மெத்தையில் அமரலாமா?" என்றான் ஜீவன்.

நேசம்மா ஒரு கணம் படுக்கையறைப் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு, சமாளித்துக்கொண்டு, "இதிலேயே இருக்கலாம்" என்றார். "எப்பிடி வந்தனீங்கள்?"

"வேனுக்குக் கூடுந்து" என்றது காது.

"கூடுந்தில் வந்தேன் அம்மா."

"கூட ஆர் வந்தது?"

"யாரும் இல்லை. கூடுந்து."

"அவரை ஏன் கீழ விட்டிட்டு வந்தனீங்கள்? மேல கூப்பிடுங்கோவன், பாவம்."

ஜனகா கண்ணை மூடிக்கொண்டாள். நல்லவேளையாக மாரியாயி தட்டோடு வந்தார். பெரியப்பாவின் காதருகே குனிந்து ஏதோ கேட்டார். அவர் தலையசைத்ததும் இவன் பக்கம் திரும்பி, "தம்பிக்கு மைலோவா, கோப்பியா?" என்றார்.

ஜீவன் காதை அழுத்திக்கொண்டான்.

"மைலோக்குத் தமிழே இல்லடா, தேநீர்னு சொல்லிரு" என்றான் லோகன்.

"மைலோவுக்குத் தமிழே இல்லை, தேநீர் என்று சொல்லிவிடு" என்றான் ஜீவன், மூளையை உள்ளே விடாமல்.

மாரியாயி குழம்பிப்போய் நேசம்மாவைப் பார்த்தார். நேசம்மாவோ கண்கள் பனிக்க, "எவ்வளவு ஆழமான கதை!" என்றார். "கேட்டீங்களோ? மைலோவுக்குத் தமிழ் இல்லையாம். எங்கட நிலைமையை ஒரே வரியில சொல்லிப்போட்டார்."

"சந்தோஷம்" என்றார் பெரியப்பா.

காரியம் கைகூடுகிறது என்று ஜீவனுக்கு முதன்முறையாக நம்பிக்கை வந்தது. நாற்பது நிமிஷம் தாக்குப்பிடித்தான். அடுக்குமாடி என்றான். மின்தூக்கி என்றான். புலனம், முகநூல், குளிரூட்டி, எல்லாம் முறை தவறாமல் வந்தன. ஒவ்வொன்றுக்கும் பெரியப்பா தலையாட்டினார். கடைசியில் நேசம்மா சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, "சரி தம்பி. வந்த விஷயத்தை ஐயாவுக்கு உங்கட வாயாலேயே சொல்லுங்கோ" என்றார்.

இதற்கென்று ஜீவன் மனப்பாடம் செய்து வைத்திருந்தான். 'ஜனகாவை நான் மனமார விரும்புகிறேன். தங்கள் நல்லாசியுடன் கரம்பற்ற விழைகிறேன்.' எழுந்து நின்றான். கையைக் கூப்பினான்.

"ஐயா, ஜனகாவை நான்…"

நின்றுவிட்டது. அதற்கு அப்பால் ஒரு சொல்லும் இல்லை. வியர்வை விபூதியைக் கரைத்துக்கொண்டு இறங்கியது. காதை அழுத்தினான். அழுத்தினான்.

கீழே அந்த நேரம் பார்த்துப் பூக்கடைக்கார அம்மாவுக்குச் சரக்கு வந்துவிட்டது. வேனை எடுக்கச் சொல்லி அவர் கதவைத் தட்டியதும், லோகன் கெஞ்சியதும் ஜீவனுக்குத் தெரியாது. அவன் காதில் விழுந்தது லோகனின் குரல் மட்டும்தான்: "அஞ்சே நிமிஷம், எடுத்துட்டுப் போயிர்றேன்!"

"ஐந்தே மணித்துளி" என்றான் ஜீவன், இங்கிலீஷ் கலக்காமல் கவனமாக. "எடுத்துக்கொண்டு போய்விடுகிறேன், ஐயா."

"என்ன, இப்பவேயோ?" என்று அலறினார் நேசம்மா.

"கோவிச்சுக்காதீங்க, இடத்த அடைச்சுக்கிட்டு நிக்குதுன்னு எனக்கும் தெரியுது!" என்றது காது.

"கோபம் கொள்ளாதீர்கள். இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கிறது என்று எனக்கும் தெரிகிறது."

"ஹலோ!" என்றாள் ஜனகா. அவள் பெரியப்பா வீட்டில் வணக்கத்துக்கு அப்பால் பேசிய முதல் வார்த்தை அது.

"நல்லது" என்றார் பெரியப்பா.

என்னவோ தப்பு என்று ஜீவனுக்கு அப்போதுதான் உறைத்தது. காதிலிருந்ததைப் பிடுங்கினான். அது கை நழுவி, உருண்டு, தேநீருக்குள் விழுந்தது. தொடர்பைத் துண்டிக்கலாம் என்று அவசரமாக ஜிப்பாப் பைக்குள் கையை விட்டு எதையோ அழுத்தினான். அழுத்தியது தப்பான இடம். பைக்குள்ளிருந்து லோகனின் குரல் கூடம் முழுக்க முழங்கியது. ஒலிபெருக்கி வைப்பவனின் குரல். கேட்க வேண்டுமா?

"டேய், என்னடா சத்தத்தையே காணோம்! பெருசு என்ன சொல்லுது? தூங்கிருச்சா?"

நேசம்மா இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டார். எல்லோரும் பெரியப்பாவைப் பார்த்தார்கள்.

"சந்தோஷம்" என்றார் அவர், சாந்தமாக.

அந்தப் பெருந்தன்மைதான் ஜீவனை உடைத்துவிட்டது. இப்படிப்பட்ட மனிதரையா ஏமாற்ற வந்தோம்? தொலைபேசியை வெளியே எடுத்து அணைத்து, தட்டின் மேல் வைத்தான்.

"ஐயா, என்னால முடியல" என்றான். "இவ்வளவு நேரம் பேசினது நான் இல்ல, கீழ வேன்ல இருக்கிற என் கூட்டாளி. நான் கிள்ளான்காரன். எனக்கு வர்றது எங்க வீட்டுத் தமிழ் மட்டும்தான். பாசார்ல பேசுறது, கல்யாணத்துல பேசுறது, எல்லாம் அதான். ரெண்டு நாளா அத மறைச்சு மறைச்சு, இப்ப எங்கம்மாகிட்டக்கூட ஒரு தோசை கேக்க வாய் வரல. ஒருத்தரும் சிரிக்க மாட்டேங்குறாங்க. எனக்கே என்னை யாருன்னு தெரியல லா, ஐயா. ஜனகா என்னை முதல்ல பாத்தது ஒரு விருந்துல. நான் மைக்ல உளறினதக் கேட்டு, குடிச்ச தண்ணி மூக்குல ஏறுற அளவுக்குச் சிரிச்சா. அவ சிரிச்சது இந்த வாயைக் கேட்டுத்தான். கடன் வாங்கின வாய வெச்சுக்கிட்டு வந்து அவளைக் கேட்டா, அது அவளுக்குச் செய்ற துரோகம்."

பெரியப்பா அதே கனிவோடு தலையாட்டினார். இந்தத் தலையாட்டலுக்கு என்ன அர்த்தம் என்று ஜீவனுக்குத் தெரியவில்லை. எல்லாமே கைவிட்டுப் போன தைரியத்தில், வாயில் வந்ததை அப்படியே விட்டான்.

"ஐ லவ் ஹெர், அங்கிள். ஐ வில் டேக் கேர் ஆஃப் ஹெர். தட்ஸ் ஆல்."

பெரியப்பா கையிலிருந்த கோப்பையைக் கீழே வைத்தார். அவர் கண்கள் அகலத் திறந்தன. ஆறு வருஷத்தில் நேசம்மா அந்த முகத்தில் பார்த்தேயிராத ஏதோ ஒன்று அதில் வந்தது. நாற்காலியின் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு அவர் மெல்ல எழுந்தார். எதையோ சொல்ல வாயைத் திறந்தார்.

"ஐயோ, எழும்பிட்டார்!" என்றார் நேசம்மா. "அவரைப் பேச விடாதேங்கோ! அவர் வாயால ஒரு சொல்லு விழுந்தா அதோட முடிஞ்சுது! மன்னிச்சுக்கொள்ளுங்கோ, ஐயா, வளர்த்த பிழை, எங்கட பிழை!" என்று சொல்லிக்கொண்டே மகளை ஒரு கையிலும் ஜீவனை ஒரு கையிலும் பிடித்துக் கதவுக்கு வெளியே தள்ளினார். மூன்று மாடியும் மூன்று பேரும் நிற்காமல் இறங்கினார்கள்.

கீழே வேன் நடு ரோட்டில் நின்றது. லோகன் பூக்கடைக்கார அம்மாவுக்குப் பரிகாரமாகச் செண்டுமல்லிப் பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தான். நேசம்மா கடையின் நெகிழி முக்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார்.

"நாற்பது வருஷம் கடுதாசி போட்ட மனுசன்" என்று விசும்பினார். "அந்தத் தமிழுக்கு முன்னால இங்கிலீசில கதைச்சுப்போட்டு வந்து நிக்கிறமே. இனி எந்த முகத்தோட பொங்கலுக்குப் போறது?"

"என்னாலதான் அம்மா" என்றான் ஜீவன். கால் சுட்டது. குனிந்து பார்த்தான். செருப்பை மேலேயே விட்டுவிட்டு வந்திருந்தான்.

ஜனகா அவன் பக்கத்தில் வந்து நின்றாள். கோபமாக இருப்பாள் என்று நினைத்தான். அவள் கண்ணில் நீர் நின்றது. ஆனால் வாய் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தது.

"இடத்த அடைச்சுக்கிட்டு நிக்கிறேனா நான்?"

"அது வேன், ஜனகா. சத்தியமா வேன்."

"கடைசியா பேசினதுதான் நீ" என்றாள். "அத பெரியப்பா ஒத்துக்கலைன்னா போகட்டும். எனக்கு ஓகே." அம்மாவின் எதிரிலேயே அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். நேசம்மா அதைப் பார்த்தார். திட்ட வாயெடுத்தார். அழுகைதான் வந்தது.

"அவன் கெட்டவன் இல்ல" என்றார், யாரிடமோ சொல்வதுபோல. "உண்மையைத்தான் சொன்னவன். ஆனா ஐயா சரியெண்டு சொல்லாம நான் என்ன செய்யிறது?"

அப்போது படிக்கட்டில் தடதடவென்று சத்தம் கேட்டது. ஒரு கையில் ஜீவனின் செருப்பையும் இன்னொரு கையில் அவன் தொலைபேசியையும் பிடித்துக்கொண்டு மாரியாயி மூச்சிரைக்க இறங்கி வந்தார்.

நேசம்மா எழுந்தார். "என்னவாம், மாரியாயி? நல்ல கோபமோ? இனி வர வேண்டாமெண்டு சொல்லிப்போட்டாரோ?"

"கோபமாவது!" என்றார் மாரியாயி, செருப்பைக் கீழே போட்டபடி. "எல்லாரையும் திரும்ப மேல வரச் சொல்றாரும்மா, தம்பி கடைசியா இங்கிலீஷ்ல சொன்னது மட்டும்தான் புரிஞ்சுதாம், மத்ததையும் அப்படியே சொல்லச் சொல்றாரு, கடுதாசி எழுதினது, புத்தகம் படிச்சது எல்லாம் அவரு சம்சாரம், ஐயாவுக்குத்தான் தமிழ் தெரியாதே!"